நூற்று நாற்பதாவது கிலோமீட்டர்

பாலைவனத்துக்குக் குறுக்கே கார் தானாக ஓடியது. பழைய டிரைவர்களின் கைப்பழக்கத்தைக் கற்றுக்கொண்ட கார் அது. அவர்களில் ஒருவர் செல்லக்கனியின் அப்பா பேச்சிமுத்து, இப்போது உயிரோடில்லை. மகளை இன்ஜினியராக்க அவர் ஓட்டிய ஓட்டத்தில் கார் கற்ற வேண்டாத பழக்கங்களைப் பார்த்து அழிப்பதுதான் இப்போது அந்த இன்ஜினியர் மகளுக்கு வேலை.

நூற்று நாற்பதாவது கிலோமீட்டரில் ஒரு மணல்மேட்டில் ஏறி கார் நின்றது.

"வெள்ளிக்கிழமைன்னா இங்க பதினோரு நிமிஷம் சும்மா நிக்கும். அழிச்சிரும்மா," என்றார் பக்கத்தில் உட்கார்ந்திருந்த மேலாளர் அன்வர்.

"சும்மா நிக்கல சார். அப்போ இந்த மேட்டுலதான் சிக்னல் கிடைக்கும். எங்கப்பா வாராவாரம் எனக்குப் போன் போட்டது இங்கிருந்துதான்."

"பதினோரு நிமிஷமா பேசுவீங்க?"

செல்லக்கனி அப்பாவிடம் பேசியது இரண்டு நிமிடம் தாண்டியதே இல்லை. 'சாப்பிட்டியாளா?' என்பார். 'படிக்கணும்ப்பா, பொறவு நானே கூப்பிடுதேன்' என்று வைத்துவிடுவாள். ஒரு நாளும் கூப்பிட்டதில்லை.

அன்வர் அழிப்பதற்காகக் காரின் திரையில் கை வைத்தார்.

"கைய எடுங்க சார்," என்றாள். "இன்னும் ஒன்பது நிமிஷம் இருக்கு."