மகேனா அம்மா

நைரோபி பூங்காவில் மரக்குதிரை ராட்டினம் கிளம்பப் போகிறது. குழந்தையிடம் பேர் கேட்டுக்கொண்ட ராட்டினக்காரன், “மகேனா அம்மா யாரு? பிள்ளையப் பிடிச்சுக்க ஏறுங்க,” என்கிறான். மகளைக் கைக்குழந்தையாய்த் தங்கையிடம் விட்டுப்போய், தோஹாவில் வீட்டுவேலை பார்த்து, போன வாரம்தான் திரும்பிய கனானா காலெடுத்து வைக்கிறாள். அதற்குள், அக்கம்பக்கத்தார் அப்படியே கூப்பிட்டுப் பழகிப்போன தங்கை கட்விரி, “நாந்தான்” என்று சொல்லிவிட்டு நாக்கைக் கடித்துக்கொள்கிறாள். “நீ ஏறுக்கா.” மகேனா சித்தியின் கழுத்தை விடுவதாயில்லை. “நீயே போடி. எனக்குத் தலை சுத்தும்.” குதிரைகள் நகர்கின்றன. வெயிலில் பித்தளைக் கம்பிகள் மின்னுகின்றன. தங்கையின் மடியில் மகள் கெக்கலித்துச் சிரிக்கிறாள். அவளுக்கென்று தோஹாவில் பார்த்துப் பார்த்து வாங்கிய செருப்பு, அளவு சேராமல் கனானாவின் கையில் இருக்கிறது. ஒருதரமாவது பயந்து அழமாட்டாளா என்று பார்க்கிறாள். அழுதாலும் அந்தக் கழுத்தைத்தான் இன்னும் இறுக்கிக் கட்டிக்கொள்வாள்.