கத்தரிச் செடியில் ஒரு தத்துப்பூச்சி

எங்கள் மொட்டைமாடிக் கத்தரிச் செடியில் புதிய இனத் தத்துப்பூச்சி ஒன்றைக் கண்டுபிடித்தவள் என் மனைவி வடிவு. பத்து வருடம் அதைக் கவனித்தவள், அந்தப் புதிய இனத்தின் பதிவு முடிவதற்குள் போய்ச்சேர்ந்துவிட்டாள்.

இப்போதெல்லாம் பூச்சியின் சிறகு, கால், நிறம் எல்லாவற்றையும் இயந்திரமே எழுதிவிடுகிறது. குணத்தை மட்டும் அதனோடு வாழ்ந்த மனிதர் யாராவது சொல்லவேண்டும். இல்லையென்றால் அவள் வைத்த பெயர் ரத்தாகி, பூச்சி வெறும் எண்ணாகிவிடும்.

"சொல்லுங்க அண்ணாச்சி, அது எப்படி நடந்துக்கிடும்?" என்று பதிவகத்து இயந்திரம் கேட்டது.

எனக்குத் தெரிந்ததெல்லாம் அதன்மேல் வேப்பெண்ணெய் அடிப்பது மட்டும்தான். ஆனால் வடிவு செடியருகே நின்று முணுமுணுத்தது நினைவிருந்தது. என்னைத்தான் திட்டுகிறாள் என்று டிவியைச் சத்தமாக வைத்துக்கொண்டவன் நான்.

"ஆள் கிட்ட வந்தா நைசா பின்னால ஒளிஞ்சுக்கிடும். உக்காந்த இடத்துலயே சாப்பிடும். தொட்டா ஒரே துள்ளு," என்று அவள் முணுமுணுத்ததையே சொன்னேன்.

"வடிவம்மா எடுத்த வீடியோவோட அப்படியே ஒத்துப்போகுது, அண்ணாச்சி."

அப்பாடா, திட்டெல்லாம் பூச்சிக்குத்தான் என்று நிம்மதியானேன்.

"அம்மா வச்ச பேரை வாசிக்கட்டுமா?"

வாசித்தது. என் பெயர்தான்.

வேப்பெண்ணெய்ப் புட்டியைக் கொண்டுபோய்க் குப்பையில் போட்டேன்.