சேணம் விற்பனைக்கு

“சேணத்தை அப்புறம் பாக்கலாம். முதல்ல குதிரையக் கொண்டாங்க.”

மேலூர்த் தோப்பு வீட்டு வாசலில், சேணம் கிடந்த பலகைக்கு முன்னால் வழிமறித்து நின்றாள் வெள்ளையம்மாள்.

பாக்கியநாதனுக்கு எரிச்சலாக வந்தது. தென்னூரிலிருந்து காவிரிப் பாலம் தாண்டி இவ்வளவு தூரமும் தன் குதிரை ராணியைக் கையில் பிடித்தே நடத்தி வந்திருக்கிறான். அவனுடைய பழைய சேணம் அதன் முதுகைப் புண்ணாக்கி, இப்போதுதான் ஆறியிருந்தது. “இன்னொரு தடவை புண்ணாச்சுன்னா சவாரிய மறந்துடுங்க” என்று மாட்டாஸ்பத்திரி டாக்டர் கண்டிப்பாகச் சொல்லிவிட்டார்.

பெங்களூரில் அடுத்த மாதம் டிரெஸாஜ் போட்டி. ஓட்டமும் இல்லை, தாவலும் இல்லை. சவாரிக்காரனின் சின்னச் சின்ன அசைவுக்குக் குதிரை அளந்து அடி வைக்க வேண்டும். அதற்கென்றே தைத்த சேணம் ஒன்று மேலூரில் விலைக்கு இருப்பதாகச் சொல்லி அழைத்து வந்தவர், ஜட்கா வண்டிக்காரர் பரக்கத் அலி.

வழியிலேயே அவர் எச்சரித்திருந்தார். “அந்தம்மா வீட்டுக்காரர் அழகிரி, பட்டாளத்துல குதிரைச் சவாரி சொல்லிக் குடுத்தவருங்க. சுதந்திரத்துக்கு அப்புறம் ஊரோட வந்துட்டாரு. அவர் மவுத்தானதும் அவரோட அண்ணன் தம்பிங்க குதிரைங்களை எல்லாம் வித்துத் தீத்துட்டாங்க. இந்தச் சேணம்தான் பாக்கி. மருங்காபுரியிலேர்ந்துகூட ஆளுங்க வந்து கேட்டாச்சு. அந்தம்மா குதிரைய ஒரு பார்வை பாக்கும், பொருந்தாதுன்னு திருப்பி அனுப்பிடும்.”

நம்மையும் அனுப்பிவிடுவாளோ என்ற பயத்தோடுதான் பாக்கியநாதன் ராணியை உள்ளே கொண்டுவந்தான். வெள்ளையம்மாள் அதைச் சுற்றி வந்தாள். அவசரமே படவில்லை.

“எங்க வாங்குனீங்க?”

“அந்தியூர்ச் சந்தைலங்க. ரெண்டு வருஷம் ஆச்சு.” அவன் பொறுமை இழந்தான். “சேணத்துக்கு இதெல்லாம் எதுக்குங்க?”

சேணத்தை அவளே தூக்கி வந்தாள். துணி எதுவும் விரிக்காமல், கழுத்தோரமாக வைத்து, ரோமம் படிந்திருக்கும் திசையிலேயே பின்னுக்கு நகர்த்தினாள். ஆறிய புண்ணின் மேல் தோல் ஒருமுறை துடித்தது.

“பின்னாடி வந்து குனிஞ்சு பாருங்க. வெளிச்சம் தெரியுதா?”

தெரிந்தது. முதுகெலும்பை எங்கேயும் தொடாமல், வாலிலிருந்து கழுத்து வரைக்கும் ஒரு கீற்று வெளிச்சம். தோள்பட்டை தடையில்லாமல் அசைந்தது. இரண்டு பக்கமும் உள்ளங்கையை நுழைத்துப் பார்த்தான். ஓரிடத்திலும் அழுத்தவில்லை, ஓரிடத்திலும் தூக்கவில்லை.

“பொருந்துது” என்றாள் வெள்ளையம்மாள்.

பரக்கத் அலி வாயைப் பிளந்தார். அந்த வார்த்தையை அவள் சொல்லி அவர் கேட்டதே இல்லை.

“ஏறி உக்காருங்க.”

ஏறியதும்தான் சங்கடம் புரிந்தது. இருக்கை அவனுக்குக் குறுகல். கால்மிதி வாரைக் கடைசி ஓட்டை வரை இறக்கியும் முழங்கால் முன்னால் துருத்திக்கொண்டு நின்றது. பக்கவாட்டில் நடக்கச் சொல்லிக் காலால் அழுத்தினான். ராணி தலையை உதறி முரண்டு பிடித்தது.

“குதிரைக்கு அளவெடுத்த மாதிரி இருக்கு. எனக்குத்தான் சின்னதா இருக்கு. உங்க வீட்டுக்காரர் ஒல்லியான ஆளோ?”

“ஆறடி உயரம், நல்ல வாட்டசாட்டம்” என்றாள் அவள். “இறங்குங்க.”

போச்சு, கொடுக்கப் போவதில்லை. “நான் பழகிக்குவேங்க. இத விட்டா எனக்கு வேற வழியில்லீங்க” என்று கெஞ்சிக்கொண்டே இறங்கினான்.

வெள்ளையம்மாள் காதில் வாங்கவில்லை. நாற்று நட இறங்குகிறவள் போலச் சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு, அவன் இறக்கிவிட்ட வாரை மறுபடி மேலே ஏற்றி மாட்டினாள்.

“அம்மா, வேணாங்க! புது ஆளை ஏத்தாது. ரெண்டு பேரைத் தூக்கி அடிச்சிருக்கு!”

அவன் ஓடி வருவதற்குள் அவள் மேலே இருந்தாள். ராணியின் காதுகள் பின்னால் மடங்கின. அந்த மடிப்புக்கு என்ன அர்த்தம் என்று அவனுக்குத் தெரியும். கடிவாளத்தைப் பிடிக்கக் கை நீட்டினான்.

அவள் குனிந்து என்னவோ முணுமுணுத்தாள். காதுகள் மெல்ல நிமிர்ந்தன.

குதிரை நடந்தது. தென்னை வரிசைக்கு நடுவே, காலுக்கு மேல் கால் மாற்றிப் பக்கவாட்டில் போனது. திரும்பியது. பிறகு நின்ற இடத்திலேயே ஒவ்வொரு காலாகத் தூக்கித் தூக்கி வைத்தது. அவள் கையோ காலோ அசைந்ததாகவே தெரியவில்லை. இரண்டு வருஷம் தொண்டை கிழியக் கத்தியும் பாக்கியநாதனுக்குக் கிடைக்காத அடி அது.

அவனுக்கு உடம்பெல்லாம் சிலிர்த்தது. எல்லாம் இந்தச் சேணத்தின் மகிமை! முதுகு வலிக்காவிட்டால் ராணி என்னதான் செய்யாது!

“இருக்கையப் பிரிச்சு எனக்குத் தக்கபடி தச்சுக்கறேங்க” என்று கூவிக்கொண்டே ஓடினான். “என்ன விலைன்னாலும் சரி, இப்பவே எடுத்துக்கறேன். சொல்லுங்க!”

வெள்ளையம்மாள் இறங்கவில்லை. குதிரையின் கழுத்தில் வைத்த கையையும் எடுக்கவில்லை.

“சேணம் விக்கறதுக்கு இல்லீங்க. என் குதிரைய என்ன விலைக்குத் தருவீங்க?”