மெசேஜ் பண்ணக்கூடாதா?

பரீட்சை முடிந்து, சினிமாவுக்குப் போகத் துவாக்குடி பஸ் ஸ்டாப்பில் தோழிகளோடு நின்றிருந்த ஸ்ம்ருதிக்கு, ஸ்ரீரங்கத்திலிருந்து அப்பா பராசரனின் மூன்றாவது போன் எரிச்சலை மூட்டியது. தன் பழைய லினக்ஸ் லேப்டாப்பை அவரிடம் கொடுத்ததே தப்பு.

“டவுன்லோடு பண்ணின சாஃப்ட்வேர், கிளிக் பண்ணினா திறக்கமாட்டேங்கறதும்மா.” அப்பாவின் தொண்டை கரகரத்தது.

“ரைட் கிளிக் பண்ணி, பர்மிஷன் குடுங்கோப்பா. இதுக்கெல்லாம் மெசேஜ் பண்ணக்கூடாதா?”

“இனிமே மெசேஜ்தானே பண்ணப்போறேன். இப்போ பேசிக்கறேனே... ஆ, திறந்துடுத்து.”

விசைகளைத் தட்டும் சத்தம் கேட்டது. பிறகு முன்பின் கேட்டிராத ஓர் ஆண்குரல், ஒவ்வொரு சொல்லாக, “ஸ்ம்ருதி, சாப்பிட்டாயா?” என்றது.

“யாருப்பா அது, நம்மாத்துல?”

“நான்தாம்மா. டைப் பண்ணினா இது பேசும். திங்கட்கிழமை எனக்கு ஆபரேஷன். குரல்வளையையே எடுத்துடறா. உன் பரீட்சை முடியட்டும்னுதான் சொல்லலை.”

பஸ் வந்து நின்றது. தோழிகள் ஏறிக்கொண்டு அவளைக் கூப்பிட்டார்கள். ஸ்ம்ருதி நகரவில்லை. போனைக் காதோடு அழுத்திக்கொண்டாள்.

“வேற என்னப்பா சந்தேகம்? ஒண்ணொண்ணா கேளுங்கோ. போன்லயே கேளுங்கோ.”