மிச்ச வெளிச்சம்

அந்த அடுக்குமாடியில் தரையில் நடந்தால்தான் மின்சாரம். சேவியரின் மூச்சுக் கருவி இழுத்தது போக மிச்சம்தான் விளக்குக்கு. புருஷனின் மூச்சு நின்றுவிடக் கூடாதே என்று ஜெசிந்தா மத்தியானத்திலிருந்து கூடத்தில் நடந்துகொண்டே இருந்தாள். கால் வீங்கி, நடை தளர்ந்து, விளக்கும் மங்கியது. பயந்துபோய்ப் பக்கத்து வீட்டுச் சுவரைத் தட்டினாள்.

“ஹமீதாக்கா, கொஞ்சம் வந்து நடந்து குடுங்களேன்!”

“சோத்தை வடிச்சிட்டு வந்துடறேன்டி. நீ நின்னுடாதே!”

சற்று நேரத்தில் விளக்கு பளிச்சென்று எரிந்தது.

“வந்துட்டீங்களாக்கா! நீங்க நல்லா இருக்கணும்” என்று திரும்பினாள். கூடத்தில் யாருமில்லை. வாசல் கதவு தாழிட்டபடியே இருந்தது. வெளியே நின்று ஹமீதா தட்டிக்கொண்டிருந்தாள்.

உள்ளறையில் கருவியின் இரைச்சல் கேட்கவில்லை. எட்டிப் பார்க்கத் தைரியம் வராமல், ஜெசிந்தா இன்னும் வேகமாக நடந்தாள்.