ஈஸ்டர் அன்றும் பட்டினி

"ஈஸ்டர் அண்டும் அந்தப் பெட்டையைப் பட்டினி போடுறியே, நீயும் ஒரு மனிசியே?"

கறிச்சட்டியும் கையுமாக வேலிக்கு அந்தப் பக்கம் நின்று லூர்த்தம்மா கத்தினாள். இந்தப் பக்கம் சின்னத்தங்கம் கிழிந்த வலையைத் தைத்துக்கொண்டிருந்தாள். தலை நிமிரவில்லை.

கிணற்றுக்கட்டில் சாய்ந்திருந்த மருமகள் றெஜினாவின் உதடுகள் வெடித்திருந்தன.

"கேட்டால் தபசுகால ஒருசந்தி விரதம் எண்டாய். நேற்றோடை தபசு முடிஞ்சுது. குருநகர் ஊரே இண்டைக்குத் தின்னுது, உவள் மட்டும் ஏன் காயிறாள்?"

"அவளுக்குப் பசி இல்லையாம்."

"பசி இல்லையோ! காலமை கோயிலிலை நற்கருணைக்கும் எழும்பேல்லை. வெளியிலை வந்து மயங்கி விழப் பாத்தாள். ஒரு மிடறு தண்ணி குடுத்தன், அதையும் தட்டிவிட்டிட்டாள். எல்லாம் உனக்குப் பயத்திலைதானே?"

சின்னத்தங்கத்தின் கை ஒரு கணம் நின்று, மறுபடியும் நூலை இழுத்தது.

மாரியில் கடலுக்குப் போன மகன் கனிசியஸ் திரும்பி வரவில்லை. முன்பு மன்னாரில் தொழில் செய்த காலத்தில் அவன் கூட்டிவந்தவள்தான் றெஜினா. அவன் போனபிறகு அந்த வீட்டிலிருந்து ஓர் அழுகுரலும் கேட்கவில்லை. இரண்டு பெண்களும் தண்ணீருக்கடியில் நடப்பவர்கள்போல் நடமாடினார்கள்.

"மகனைத் திண்டவள் எண்டு நினைச்சுத்தானே சோறு குடுக்காமல் வைச்சிருக்கிறாய்?"

"ஓம்" என்றாள் சின்னத்தங்கம், யாரோ மணி கேட்டதற்குப் பதில் சொன்னவள்போல.

லூர்த்தம்மா சட்டியை உயர்த்திக் காட்டினாள். "இந்தா, ஆட்டிறைச்சி. ஐப்பசியிலை இயக்கம் முஸ்லிம் சனத்தை ஊரைவிட்டு அனுப்பினாப் பிறகு ஒரு துண்டு இறைச்சி எடுக்கிறதே பெரும்பாடு. அதிலையும் உவளுக்கெண்டு எடுத்து வைச்சனான். என்ரை கண் முன்னாலை தின்ன வேணும்."

"வைச்சிட்டுப் போ. பிறகு குடுக்கிறன்."

"பிறகோ? எனக்கு விளங்கும். நாளைக்கு இயக்கப் பெடியளிட்டைச் சொல்லுறன். வந்து உவளைத் தனியக் கூப்பிட்டு விசாரிக்கட்டும்."

வலை நழுவி விழுந்தது. சின்னத்தங்கம் எழுந்து வேலியடிக்கு வந்தாள். அப்போதும் அவள் முகத்தில் ஒன்றும் இல்லை. குரல் மட்டும் நடுங்கியது.

"பெடியள் வேண்டாம், லூர்த்து. சுவாமியாரிட்டைச் சொல்லு. கோயில் முத்தத்திலை என்னை முழங்காலிலை விடச் சொல்லு. நான் கொடுமைக்காரி எண்டு ஊர் முழுக்கச் சொல்லு. அவளை மட்டும் ஒருத்தரும் விசாரிக்க வேண்டாம்."

"தூ! செய்யிறதையும் செய்துபோட்டு, இப்ப பயப்பிடுறாய்."

லூர்த்தம்மா சட்டியை வேலியடியில் வைத்துவிட்டுப் போனாள்.

சின்னத்தங்கம் அங்கேயே நின்று மேற்கைப் பார்த்தாள். பண்ணைப் பாலத்துப் பக்கம் சூரியன் கொஞ்சம் கொஞ்சமாகக் கடலுக்குள் இறங்கி, கடைசிச் சிவப்பும் மறைந்தது. அதன்பிறகே மருமகளைக் கைத்தாங்கலாக உள்ளே கூட்டிப்போய்க் கதவைச் சாத்தினாள். ஒரு பேணி தண்ணீரை அவள் கையில் கொடுத்துக் காதருகே குனிந்தாள்.

"பேரீச்சம்பழம் இண்டைக்கும் கிடைக்கேல்லை, ஹாஜரா. சுணங்காதை பிள்ளை, தண்ணியாலை நோன்பைத் திற."