உகாண்டாவிலிருந்து ஒரு புகார்

உகாண்டாவிலிருந்து ஸ்டெல்லா பேசினாள். பெற்றோரில்லாப் பிள்ளைகளை வளர்க்கும் குடும்பங்களை அங்கே கவனித்துக்கொள்பவள்.

"போன தடவை ஏகப்பட்ட சேட்டைங்க, அல்ஃபியா. படிக்கிற நேரத்துல பசங்களைக் கிளப்பிக்கிட்டு மாமரம் ஏறுறது, கீரையைத் தட்டுக்கு அடியில ஒளிக்கிறது... பிள்ளைங்க கெஞ்சுறாங்களேன்னுதான் மறுபடி கூப்பிடுறோம். கொஞ்சம் ஒழுங்கா இருக்கச் சொல்லுங்க."

பாலக்கரை வீட்டில் அல்ஃபியாவுக்கு மானமே போயிற்று.

"கண்டிச்சு அனுப்புறேங்க."

போனை வைத்துவிட்டுத் திரும்பினாள். அடுக்கிய பெட்டிக்கருகே கைகட்டி நின்றிருந்தார், மறுபடியும் தொண்டு செய்யப் புறப்பட்டிருந்த ஓய்வுபெற்ற ஹெட்மாஸ்டர் காதர் மைதீன். அவளைப் பெற்ற அத்தா.

"மரம் ஏறுனீங்களா?"

"சின்ன மரம்தாம்மா."

"ஏழாங்கிளாஸ்ல நான் ஏறுனதுக்கு முட்டி போட வச்சீங்களே அத்தா!"

அவர் தலையைச் சொறிந்தார்.

"அப்ப எனக்கு ஏறத் தெரியாதும்மா. அந்தப் பிள்ளைங்கதான் சொல்லிக் கொடுத்தாங்க."